ஒரு கோடு வாழ்வித்தது; ஒரு கோடு வாட்டுகிறது!

தோழர்களே!

ஒரு கோடு! எழுத்தல்ல, எண்ணல்ல, சொல்லல்ல, வெறும் கோடு. எழுதுகோலின் முனை தாளிலே பட்டு, இமைப்பொழுதில் எழும்பிவிட்டால் தோன்றுகின்ற சின்னஞ்சிறு கோடு. அந்தக் கோட்டைப் பெறுவதற்காக ஒரு நாட்டிலே ஒரு கூட்டத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தின் படிகளில் ஏறினார்கள், இறங்கினார்கள், மீண்டும் ஏறினார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். நடந்தது எகிப்து நாட்டிலே; நைல் நதி பாய்கின்ற நாட்டிலே; நாகரிகத்தின் தொட்டில்களில் ஒன்றென்று நாம் பாடப் புத்தகத்திலே படித்த நாட்டிலே!

அங்கே ஒவ்வொரு குடிமகனுக்கும் அடையாள அட்டை உண்டு. அட்டையிலே மதம் என்றொரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்திலே எழுத மூன்றே மதங்களுக்குத்தான் இடம்: இசுலாம், கிறித்தவம், யூதம். பகாய் என்றொரு சமயத்தார் இருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பாரசீகத்திலே பிறந்த சமயம் அது. மாந்தர் அனைவரும் ஒரு குலம் என்பது அவர்களுடைய கொள்கை. 1960-ஆம் ஆண்டு, அதிபர் நாசர் ஆட்சியிலே, எகிப்தில் அவர்களுடைய அமைப்புகள் கலைக்கப்பட்டன. ஆயினும் ஆட்கள் இருந்தார்கள். கையால் எழுதிய அட்டைக் காலத்திலே, எழுத்தர் எவரேனும் மனம் வைத்து மதக் கட்டத்திலே ஒரு கோடு இழுத்துவிட்டால், காலம் கழிந்தது. பின்னர் கணிப்பொறி வந்தது. அதற்கு மனமேது? மூன்றில் ஒன்றைச் சொல் என்றது. எங்களுடையது இம்மூன்றும் அல்ல என்றார்கள். அப்படியானால் நீ இல்லை என்றது!

ஆம், தோழர்களே! உண்டு உறங்கி, உழைத்து வரிகொடுத்து, பிள்ளை பெற்று வாழ்கின்ற மனிதனை நோக்கி, ‘நீ இல்லை’ என்றது. அட்டை இல்லையேல் பள்ளியிலே பிள்ளையைச் சேர்க்க இயலாது, வங்கியிலே கணக்கு இல்லை, ஓய்வூதியம் இல்லை, செத்தவனுக்குச் சான்றும் இல்லை. 2006 ஏப்ரலில் ஒரு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 16-இல் உச்ச நிருவாக நீதிமன்றம் அதைத் தட்டிப் பறித்தது. அவர்கள் சோரவில்லை. எங்கள் சமயத்தின் பெயரை எழுத மனமில்லையா? எழுத வேண்டாம், பொய்யான ஒரு பெயரை மட்டும் எங்கள்மீது எழுதாதீர்கள், வெறும் கோடு போடுங்கள், போதும் என்று கேட்டார்கள். 2008 சனவரியில் கெய்ரோ நீதிமன்றம் சரி என்றது. 2009 மார்ச்சில் உச்ச நிருவாக நீதிமன்றம் எதிர் முறையீட்டைத் தள்ளியது. அந்த ஆண்டு ஆகஸ்டிலே, கோடு போட்ட அட்டை முதன்முதலாகக் கைக்கு வந்தது. எல்லாக் கதவும் அதனால் திறந்துவிடவில்லை. திருமணப் பதிவிலே தொல்லை தொடர்ந்தது. ஆனாலும் ‘நீ இல்லை’ என்ற சொல் பொய்யாயிற்று.

நம் நாட்டிலே பகாய்களுக்கு அந்த இடர் இல்லை. 1986-இல் டில்லியிலே அவர்கள் எழுப்பிய தாமரைக் கோயிலை நாள்தோறும் ஆயிரமாயிரம் பேர் கண்டு மகிழ்கிறார்கள். நடுவணரசு அறிவித்த ஆறு சிறுபான்மைச் சமயங்களின் பட்டியலிலே அவர்கள் பெயர் இல்லை, மக்கள்தொகைக் கணக்கிலே பிற சமயங்கள் என்ற கூடையிலேதான் கிடக்கிறார்கள், அவ்வளவே. பின் ஏன் எகிப்தின் கதையை இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் முன் விரிக்கிறேன்? எங்கோ நைல் நதிக்கரையிலே ஒரு கோடு மனிதர்களை வாழ்வித்தது. இங்கே, நம் கண்முன்னே, நம் தமிழ்நாட்டு மலைகளிலே, இன்னொரு கோடு மனிதர்களை வாட்டுகிறது. அதைச் சொல்லத்தான்!

*

கொல்லிமலைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். போகாதவர்கள் ஒருமுறை போய்வாருங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு காற்று குளிரும். வளைவுக்கு வளைவு தமிழ் இனிக்கும். ஓரி ஆண்ட மலை! ஒரே அம்பினால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்தான் என்று வன்பரணர் புறநானூற்றிலே பாடிய வல்வில் ஓரி. செம்மேட்டிலே அவனுக்குச் சிலை உண்டு. ஆடி 17, 18 ஆகிய நாள்களில் அரசே எடுக்கும் விழா உண்டு. மாலைகள் உண்டு, மேளம் உண்டு, மலர்க்கண்காட்சி உண்டு. நானும் அந்த மலையிலே ஓரியின் புகழைப் பேசியிருக்கிறேன், கைத்தட்டலும் வாங்கியிருக்கிறேன்.

பேசி முடித்து மேடையை விட்டு இறங்கிய ஒருநாள், கம்பளியைப் போர்த்திய பெரியவர் ஒருவர், பேரனைக் கையிலே பிடித்தபடி என்னருகே வந்தார். மடியிலிருந்து மஞ்சள் பையொன்றை எடுத்தார். பைக்குள் பை; அதற்குள் காகிதங்கள்.

‘‘ஐயா, ஓரி ராசாவைப் பத்திச் சொன்னீங்க. கேக்கச் சந்தோசமா இருந்துச்சு. இந்தப் பையன் யாருன்னு கொஞ்சம் சொல்லிக் கொடுங்க’’ என்றார்.

‘‘யாரென்றால்? உங்கள் பேரன் அல்லவா?’’

‘‘அது எனக்குத் தெரியும், இந்த மலைக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரியலையே! மகனுக்குச் சாதிச் சான்று கொடுத்தாங்க. பேரனுக்குக் கேட்டா, விசாரணை பண்ணணும்னாங்க. போன மாசமும் அதான் சொன்னாங்க. காலேசுல கடைசித் தேதி வந்துருச்சு.’’

எந்த அலுவலகம் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் ஓர் எழுத்தரின்மீது பழி விழும். பழி ஓர் எழுத்தருடையது அல்ல. அந்தப் பெரியவர் மலையாளி இனத்தவர். மலையாளம் பேசுகிறவர் என்று எண்ணிவிடாதீர்கள்! மலையை ஆளுகின்றவர், அதனால் மலையாளி. பேசுவது தமிழ், பாடுவது தமிழ். காஞ்சியிலிருந்து முன்னோர் மூவர் உடன்பிறப்புகளாக மலையேறி வந்தார்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி வரலாறு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து மலைக்கு உயிரூட்டியவர்கள். வளவந்தி நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, திண்ணனூர் நாடு என்று ஊராட்சிக்கு ஊராட்சி ‘நாடு’ என்றே பெயர் வைத்து வாழ்கிறவர்கள். நாடு உடையவர்கள், ஆனால் நாட்டவர் என்பதற்குக் காகிதம் தேடுகிறவர்கள்!

பழங்குடியினருக்கான சான்றிதழை முன்பெல்லாம் வட்டாட்சியரே கொடுத்தார். 1989 நவம்பர் 11-க்குப் பிறகு, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும் என்றாயிற்று. காரணம் உண்டு. பழங்குடி அல்லாத சிலர் பழங்குடி என்று பொய்ச்சான்று பெற்று, மலைமக்களின் இடங்களை வாரிச் சுருட்டினார்கள். 1994-இல் உச்ச நீதிமன்றமும், மாதுரி பாட்டீல் வழக்கிலே, சான்றுகளை ஆராயக் குழு அமைக்க வேண்டும், விசாரணைப் பிரிவு வேண்டும் என்று நெறி வகுத்தது. நல்ல நெறிதான். திருடனைப் பிடிக்கப் பூட்டு போட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் பூட்டு போட்டவர்கள் வீட்டுக்காரன் கையிலே சாவியைக் கொடுக்க மறந்துவிட்டார்களே! பொய்யன் சமவெளியிலே வழக்கறிஞர் துணையோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடுகிறான். மெய்யன் எழுபது வளைவு இறங்கி வந்து, ‘அடுத்த வாரம் வா’ என்ற சொல்லைச் சுமந்துகொண்டு மீண்டும் எழுபது வளைவு ஏறுகிறான்.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன்; உங்களுக்குத் தெரியும். பட்டச் சான்று என்னிடம் இல்லை. அதனால் ஒரு வேலை போயிருக்கலாம். ஒரு வரி என் பெயருக்குப் பின்னால் குறைந்திருக்கலாம். ஆனால் ‘நீ யார்’ என்று என்னை எவரும் நிறுத்தியதில்லை. அந்தச் சிறுவனோ கல்லூரிக்குள் நுழைவதற்கு முன்பே, தான் தன் தாத்தாவின் பேரன்தான் என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

இது ஏற்கப்பட்டவர்களின் நிலை. தோழர்களே, ஏற்கப்படாதவர்களின் நிலையைக் கேளுங்கள்!

*

அந்தியூரிலே ஒரு கூட்டம். கூட்டம் முடிந்து மறுநாள் பர்கூர் மலைக்குச் சென்றேன். கொல்லிமலையிலே கண்ட அதே முகங்கள், அதே தமிழ், அதே மலையாளி மக்கள். தேநீர்க் கடையிலே அமர்ந்திருந்தபோது, இளைஞன் ஒருவன் கேட்டான்:

‘‘அண்ணா, கொல்லிமலையில எங்க ஆளுங்க எஸ்.டி.; ஏற்காட்டுல எங்க ஆளுங்க எஸ்.டி.; நாங்க மட்டும் ஏன் இல்லீங்க?’’

மேடையிலே மூன்று மணி நேரம் பேசத் தெரிந்தவன் நான். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் உடனே விடை இல்லை. சட்டப் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். விடை கிடைத்தது, கிடைத்தபின் வெட்கம்தான் மிஞ்சியது.

அரசியல் சட்டத்தின் 342-ஆம் பிரிவு, எவரெவர் பட்டியல் பழங்குடியினர் என்பதைக் குடியரசுத் தலைவர் அறிவிக்க வேண்டும் என்கிறது. 1950-இல் ஆணை பிறந்தது; 1976-இல் திருத்தச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டுப் பட்டியலிலே 25-ஆம் பெயர் மலையாளி. பெயரோடு நின்றதா? இல்லை. அடைப்புக்குறி ஒன்றைத் திறந்தார்கள். தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களில் உள்ள மலையாளி என்று எழுதி, அடைப்புக்குறியை மூடினார்கள். குறிக்குள் இருப்பவன் பழங்குடி. குறிக்கு வெளியே இருப்பவன் வெறுங்குடி!

கொல்லிமலை சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1997 சனவரி முதல் நாள் நாமக்கல் மாவட்டம் பிறந்தது. சேலத்தின் வயிற்றிலே பிறந்த பிள்ளையாதலால் உரிமை தொடர்ந்தது. சேர்வராயன் மலை, சித்தேரி, கல்வராயன் மலை, சவ்வாது மலை, ஏலகிரி, பச்சைமலை எல்லாம் அந்த ஆறு பழைய மாவட்டங்களின் எல்லைக்குள் இருந்தவை. அங்கே வாழும் மலையாளிகளுக்குச் சட்டத்தின் வாயில் திறந்திருக்கிறது. பர்கூர் மலை மட்டும் பழைய கோயமுத்தூர் மாவட்டத்திலே கிடந்தது. 1979-இல் கோவையைப் பிரித்துப் பெரியார் மாவட்டம் அமைத்தார்கள். அதுவே இன்றைய ஈரோடு மாவட்டம். பட்டியலிலே கோவையும் இல்லை, ஈரோடும் இல்லை. ஆகவே அங்குள்ள மலையாளி, மலையிலேயே பிறந்து மலையிலேயே மடிந்தாலும், சட்டத்தின் கண்ணுக்குப் பழங்குடி அல்லன்!

வெள்ளைக்காரன் வரி வசூலுக்காக வரைந்த கோடு தோழர்களே அது! எந்தக் கச்சேரிக்கு எந்தக் கிராமம் கிஸ்தி கட்ட வேண்டும் என்பதற்காக நிலப்படத்தின்மீது இழுத்த கோடு. அந்தக் கோட்டுக்கு மனித இனத்தைப் பற்றி என்ன தெரியும்? காட்டு யானை அந்தக் கோட்டைக் கடக்கிறது, மழை மேகம் கடக்கிறது, மலைத்தேனீ கடக்கிறது. மனிதனின் உரிமை மட்டும் கோட்டருகே வந்ததும் செத்து விழுகிறது.

*

ஓரியின் ஓரம்பு ஐந்து உயிரைத் துளைத்தது என்றேன். இந்த ஒரு கோடும் ஐந்தைத் துளைக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள்.

முதலாவது, கல்வி. பழங்குடியினர்க்கென ஒதுக்கிய இடமும் உதவித்தொகையும் அந்த மலைச் சிறுவனுக்கு இல்லை. இரண்டாவது, வேலை. தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலே பழங்குடிக்குரிய 1 விழுக்காட்டை அவன் எட்டிப் பார்க்கவும் இயலாது. மூன்றாவது, பாதுகாப்பு. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியலில் உள்ளவனுக்குத்தான் கேடயம். இவன் அடிபட்டால் அது வெறும் அடிதடி. நான்காவது, அரசியல் இடம். பழங்குடியினர்க்கென ஒதுக்கிய உள்ளாட்சிப் பதவியும், சேந்தமங்கலம், ஏற்காடு என்னும் இரண்டே இரண்டு சட்டமன்றத் தொகுதிகளும் இவனுக்கு எட்டாக் கனி.

ஐந்தாவதுதான் நெஞ்சைத் துளைப்பது: நிலம். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டை உழுது வாழும் பழங்குடியினர், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அந்நிலத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டினால் உரிமை உண்டு. பட்டியலில் இல்லாதவர்களோ, அந்த நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். கணக்குப் போடுங்கள்: 1930! உப்புச் சத்தியாகிரகம் நடந்த ஆண்டு. அந்த ஆண்டிலே பர்கூர் மலையின் ஒரு குடிசையிலே இன்னார் இருந்தார் என்பதற்குச் சான்று கொண்டுவா என்கிறார்கள். காகிதமே எட்டாத மலையிலே வாழ்ந்தவனிடம் காகிதம் கேட்கிறார்கள்! கொல்லிமலை மலையாளிக்கு ஒரு நியாயம், பர்கூர் மலையாளிக்கு ஒரு நியாயம். இருவர்க்கும் நடுவிலே அந்தக் கோடு.

2024-இல் அந்த வட்டாரக் காடுகளைச் சேர்த்து, தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காடு காக்கப்பட வேண்டும். கானுயிர் வாழ வேண்டும். நாம் மாற்றுக் கருத்துடையவர் அல்லர். ஆனால் எந்தப் பெரியவரின் பெயரை அந்தக் காட்டுக்குச் சூட்டினார்களோ, அவர் இன்று இருந்திருந்தால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு என்ன கேட்டிருப்பார்? ‘விலங்குக்கு வேலி போட்டது சரி, மனுசனுக்கு என்ன வெச்சிருக்கீங்க?’ என்று கேட்டிருக்க மாட்டாரா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பர்கூர் மாடு என்று ஒரு மாட்டினம் உண்டு. செந்நிறத்திலே வெள்ளைத் திட்டுகளோடு கண்ணைக் கவரும் மலைமாடு. நாட்டின் பதிவு பெற்ற மாட்டினங்களில் அதுவும் ஒன்று. அதற்கு எண் உண்டு, ஏட்டிலே இடம் உண்டு. அந்த ஏட்டைப் பாராட்டுகிறேன். ஆனால் தோழர்களே, மலையிலே பிறந்த மாடு மலைமாடு என்று ஏற்கத் தெரிந்த அரசுக்கு, மலையிலே பிறந்த மனிதன் மலைமகன் என்று ஏற்கத் தெரியவில்லையே!

*

மறுப்புரைகள் சில உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டுப் போவது நமக்கு அழகல்ல.

‘நீதிமன்றத்துக்குப் போகலாமே’ என்பார்கள். போய்ப் பயனில்லை. பட்டியலிலே ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2000-ஆம் ஆண்டில் மிலிந்த் வழக்கிலே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. நாடாளுமன்றம் ஒன்றுதான் மாற்ற முடியும். எகிப்தின் பகாய்களுக்கு நீதிமன்றம் கோடு போட்டுக் கொடுத்தது. நம் மலையாளிக்கு நாடாளுமன்றம்தான் கோட்டை அழித்துக் கொடுக்க வேண்டும்.

‘மாற்றினால் குழப்பம் வரும்’ என்பார்கள். வந்ததா? கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டத்துக்கும் என்று கட்டுண்டிருந்த காணிக்காரர் பெயரோடு, பின்னர் அம்பாசமுத்திரம் வட்டத்தையும் சேர்த்தார்கள். வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. ஒரு வட்டத்தைச் சேர்க்கத் தெரிந்த கைக்கு ஒரு மாவட்டத்தைச் சேர்க்கத் தெரியாதா? நரிக்குறவரைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று 1965-இலேயே லோக்கூர் குழு சொல்லிற்று. நாடாளுமன்றம் இசைந்தது 2022 டிசம்பரில்! ஐம்பத்தேழு ஆண்டுகள்! குழு சொன்னபோது தொட்டிலில் கிடந்த குழந்தை, சட்டம் வந்தபோது பேரன் பேத்தி எடுத்திருக்கும். பர்கூர் இளைஞனும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டுமா?

அதே லோக்கூர் குழு, பழங்குடி என்பதற்கு ஐந்து அடையாளம் சொன்னது: தொன்மைப் பண்பு, தனிப் பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், பிறரோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. கூச்சமாம்! கூச்சப்பட்டு மலையிலேயே இருந்தால் மனு கொடுக்கவில்லை என்கிறார்கள். கூச்சத்தை விட்டு இறங்கி வந்து மனு கொடுத்தால், இவ்வளவு பேசுகிறவன் பழங்குடியா என்று ஐயுறுகிறார்கள். எந்த நாடகத்திலும் இப்படியொரு காட்சியை நான் எழுதத் துணிந்ததில்லை!

கடைசி மறுப்பு வெளியிலிருந்து வருவது அல்ல, உள்ளிருந்து வருவது. அதனால்தான் அதை மெல்லச் சொல்ல வேண்டும். ‘இருப்பதோ ஒரு விழுக்காடு, அதிலும் பங்குக்கு ஆள் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்?’ என்று பட்டியலில் உள்ள மலைமக்களிலே சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் இகழ மாட்டேன். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டிலே பட்டியல் பழங்குடியினர் 7,94,697 பேர், மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. அவர்களிலே ஏறக்குறையப் பாதிப்பேர் மலையாளிகளே. கையளவுச் சோற்றை வைத்துக்கொண்டிருப்பவன் கதவைத் தட்டும் ஓசை கேட்டு நடுங்குவது இயல்பு. ஆனால், கொல்லிமலை உடன்பிறப்பே, கதவைத் தட்டுவது அயலான் அல்லன். உன் சிற்றப்பன் மகன்! சோறு போதாதென்றால் பானையைப் பெரிதாக்கு என்று அரசைக் கேட்போம்; சேர்ந்தே கேட்போம். தம்பியைத் திண்ணையிலே நிறுத்திவிட்டு உண்ணும் சோறு உடம்பிலே ஒட்டுமா?

கடல் கடந்த நம் இனத்தார் பட்ட பாட்டையும் நாம் மறக்கலாமா? இலங்கையின் மலைகளிலே தேயிலையை வளர்த்த தமிழரை, 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஒரே வீச்சில் நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் அவர்களைப் பங்கு போட்டு உடன்படிக்கை எழுதினார்கள். எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு காகிதத்துக்காகக் காத்துக் கிடந்தது ஒரு மக்கள் கூட்டம். அதைக் கண்டித்து மேடைதோறும் முழங்கினோம். முழங்கியது முறையே. ஆனால் கண்டி மலைக்குக் கண்ணீர் விட்ட நாம், பர்கூர் மலையைக் காணாதிருந்தால், நாளைய தலைமுறை நம் கண்ணீரையே ஐயுறும்.

*

ஆகவே, வேண்டுவன மூன்று.

ஒன்று: ஈரோடு மாவட்டத்து மலையாளிகளைப் பட்டியலில் சேர்ப்பதற்கான முறையான பரிந்துரையும், அதற்குத் துணையான இனவரைவு ஆய்வும் குறையின்றிச் செல்ல வேண்டும். உதகையிலே பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது, மலைக்குச் செல்லட்டும், உறவு முறையையும், வழிபாட்டையும், வாழ்க்கை வழக்கத்தையும் எழுதட்டும். மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும்; இந்தியத் தலைமைப் பதிவாளரும், தேசியப் பழங்குடியினர் ஆணையமும் இசைய வேண்டும்; பின்னரே நாடாளுமன்றம். 1999-இல் வகுத்த வழிமுறை இது. வழி நீளமானது, அதனால்தான் முதலடியை நாளை என்று தள்ளக் கூடாது.

இரண்டு: ஏற்கப்பட்ட மலைகளிலே, சான்று கேட்பவன் இறங்கி வருவது போய், சான்று கொடுப்பவர் ஏறிச் செல்ல வேண்டும். ஓரி விழாவுக்கு மலையேறி வருகின்ற அதிகாரிகள், அந்த இரண்டு நாளிலே ஒரு நாளைச் சான்றிதழ் முகாமுக்குக் கொடுக்கட்டுமே! தந்தைக்கோ தமையனுக்கோ ஆராய்ந்து கொடுத்த மெய்ச்சான்று இருந்தால், பிள்ளைக்கு மறுபடியும் ஆதிமுதல் விசாரணை எதற்கு?

மூன்றாவது நமக்கு, எனக்கும் உங்களுக்கும். கொடி கட்ட மலையேறும் தோழர்கள், அடுத்த முறை ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். பாட்டன் பெயரிலே கிடக்கும் பழைய வரி ரசீது, பள்ளியிலே தந்த மாற்றுச் சான்று, கோயில் திருவிழாவின் மண்டகப்படிக் கணக்கு, முதியவர் வாயிலே வாழும் குலமரபு எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். படியெடுத்து அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுங்கள். ‘அடுத்த வாரம் வா’ என்று அலுவலகம் சொன்னால், அந்த அடுத்த வாரம் அவரோடு நீங்களும் போய் நில்லுங்கள். தனியாக நிற்கும் பெரியவரைப் பார்த்து ‘யார் நீ’ என்று கேட்கும் வாய், பின்னால் நான்கு பேர் நின்றால் ‘என்ன வேண்டும்’ என்று கேட்கும். அந்த மாற்றத்தை உண்டாக்கத்தான் இயக்கம்!

கொல்லிமலையில் கண்ட அந்தச் சிறுவனுக்குச் சான்று கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, கல்லூரியின் கடைசித் தேதி கடந்து பதினொரு நாள் கழித்துக் கிடைத்தது. அடுத்த ஆண்டு சேர்ந்துகொள்வதாகச் சொன்னான். ஓராண்டை ஒரு காகிதம் தின்றுவிட்டது. பர்கூர் இளைஞன் இழந்த ஆண்டுகளை எண்ண என்னிடம் விரல் போதவில்லை.

எகிப்திலே ஒரு கோடு போட்டார்கள். இல்லை என்றிருந்தவர் இருக்கிறார் என்றாயிற்று. இங்கே ஒரு கோட்டை அழித்தால் போதும். அழிக்கும் கை டில்லியிலே இருக்கிறது. அந்தக் கையைப் பிடித்து இழுத்துவரும் வலிமை உங்கள் தோளிலே இருக்கிறது.

தோள் தட்டுங்கள், தோழர்களே! மலை ஏறுங்கள்!